பத்து விழுக்காடு பிடித்தம் போகக் கைக்கு வரும் பயிற்சிப் பணம்: மாணவர்கள் அதை வருமான வரிக் கணக்கில் எப்படிக் காட்ட வேண்டும்?

வேலந்தாவளத்தான் — 2025 ஆகஸ்ட் 9

அனைவருக்கும் வணக்கம். என் வீடு தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள வேலந்தாவளத்தில், கேரளப் பக்கம் இருக்கிறது. கோயம்புத்தூரில் கணினிப் பொறியியல் முடித்துவிட்டு இப்போது அங்கேயே எம்.டெக். சேர்ந்திருக்கிறேன். இளநிலை இறுதியாண்டில், 2024 ஜூலை முதல் 2025 மார்ச் வரை, கோவையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்திற்கு வேலை செய்தேன். மாதம் 35,000 ரூபாய் பேசி, அதில் 3,500 ரூபாயை வருமான வரிக்காகப் பிடித்துக்கொண்டு 31,500 ரூபாயை வங்கிக் கணக்கில் செலுத்தினார்கள். ஒப்பந்தத் தாளில் நான் 'ஆலோசகர்' என்று குறிப்பிடப்பட்டிருக்கிறேன். சம்பளச் சீட்டு எதுவும் தரப்படவில்லை, சம்பளத்தில் பிடித்த வரிக்குச் சான்றான படிவம் 16 கேட்டபோது, சம்பளமல்லாத பணத்தில் பிடித்ததற்கான படிவம் 16ஏ தான் கிடைத்தது.

கடைத்தெருவில் இணைய மையம் நடத்துபவர் ஐ.டி.ஆர்.-1 என்னும் வருமான வரிக் கணக்குப் படிவத்தில் 'இதர வருமானம்' என்று போட்டால் போதும் என்கிறார். உடன் படித்த நண்பர் சம்பளமாகக் காட்டிவிட்டார். மாணவனுக்கு வரியே கிடையாது, எதற்கு வீண் அலைச்சல் என்று வீட்டில் சொல்கிறார்கள். வீடு கேரளத்திலும் நிறுவனம் தமிழ்நாட்டிலும் இருப்பதால் எந்த மாநிலத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்பதும் எனக்குத் தெளிவாக இல்லை. பிடிக்கப்பட்ட 31,500 ரூபாய் எங்கள் வீட்டிற்குச் சிறிய தொகை அல்ல. அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வாளையார் வழி — 2025 ஆகஸ்ட் 9

தம்பி, முதலில் வருமான வரித் தளத்தில் நுழைந்து, உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏ.எஸ். அறிக்கையையும் ஏ.ஐ.எஸ். என்னும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் இறக்கிப் பாருங்கள். நிறுவனம் பிடித்த பணத்தை உங்கள் பான் எண்ணில் செலுத்தியிருக்கிறதா, எந்தப் பிரிவில் செலுத்தியிருக்கிறது என்பது தெரியாமல் யார் சொல்லும் யோசனையும் பயன்படாது.

வேலந்தாவளத்தான் — 2025 ஆகஸ்ட் 10

பார்த்துவிட்டேன், அண்ணா. தொழில்முறைக் கட்டணத்தில் வரி பிடிப்பதற்கான பிரிவு 194ஜெ என்று இருக்கிறது. மொத்தம் 3,15,000 ரூபாய், பிடித்தம் 31,500 ரூபாய். மூன்று காலாண்டுப் பதிவுகளும் சரியாக உள்ளன.

சித்தூர்க் கணக்கர் — 2025 ஆகஸ்ட் 10

பாலக்காட்டுச் சித்தூரில் நெடுங்காலமாகக் கணக்கு எழுதி வருகிறேன். கடந்த சில ஆண்டுகளாக இதே கேள்வியோடு வரும் மாணவர்கள் மிகவும் பெருகிவிட்டார்கள். அவர்களில் பலர் கேட்காமலேயே பணத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மாநிலக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். வருமான வரி ஒன்றிய அரசின் வரி. பான் அட்டையில் உள்ள முகவரியைப் பொறுத்து உங்கள் அதிகார வரம்பு அமையும், அவ்வளவுதான். கணக்குகள் பெங்களூருவில் உள்ள மையச் செயலாக்க நிலையத்தில்தான் பரிசீலிக்கப்படுகின்றன. வேலந்தாவளத்தில் சாலையின் எந்தப் பக்கம் வீடு என்பதால் இதில் எதுவும் மாறாது.

மாணவர் என்பதற்காக வருமான வரிச் சட்டம் தனி விலக்கு எதுவும் தருவதில்லை. கல்விச் செலவுக்காக வழங்கப்படும் உதவித்தொகைக்குப் பிரிவு 10(16)-இன் கீழ் விலக்கு உண்டு. ஆனால் வேலை வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாகத் தரும் பணத்திற்கு 'உதவித்தொகை' என்று பெயரிட்டாலும் அது அந்த விலக்கிற்குள் வராது. உங்கள் பணம் நீங்கள் எழுதிக்கொடுத்த நிரலுக்கான கூலி. எனவே அது வருமானம்.

வருமானம் என்பதனாலேயே வரி வந்துவிடாது. 2024-25 நிதியாண்டில் புதிய வரிமுறைப்படி 3 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் 7 லட்சம் வரை பிரிவு 87ஏ தள்ளுபடி வரியைச் சுழியமாக்கிவிடும். அப்படியென்றால் பிடிக்கப்பட்ட 31,500 ரூபாயும் முழுமையாகத் திரும்ப வேண்டிய பணம். கணக்குத் தாக்கல் செய்யாமல் அது தானாக வராது.

இன்னொன்றையும் உங்கள் வீட்டாரிடம் சொல்லுங்கள். வருமானம் வரம்பிற்குக் கீழே இருந்தாலும், ஓர் ஆண்டில் பிடித்தம் 25,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் கணக்குத் தாக்கல் செய்வது கட்டாயம். உங்களுக்கு 31,500. ஆகவே இது விருப்பத்தைப் பொறுத்தது அல்ல. இவ்வாண்டுக்கான கடைசி நாளை செப்டம்பர் 15 என நீட்டித்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்காகத் தாக்கல் செய்யலாம், ஆனால் உங்கள் நிலையில் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம் வரும்.

படிவத்திற்கு வருவோம். தொழில் அல்லது வணிக வருமானம் உள்ளவர் ஐ.டி.ஆர்.-1 படிவத்தைப் பயன்படுத்த முடியாது. 194ஜெ பிரிவில் பிடித்தம் காட்டும் ஒருவர் ஐ.டி.ஆர்.-1 தாக்கல் செய்தால், 'குறையுள்ள கணக்கு' என்று பிரிவு 139(9)-இன் கீழ் அறிவிப்பு வர வாய்ப்புண்டு. 15 நாள்களுக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் கணக்கே செல்லாததாகிவிடும், ரீஃபண்டும் அதோடு நின்றுவிடும். உங்களுக்குப் பொருத்தமானது ஐ.டி.ஆர்.-4, அதாவது சுகம் படிவம், அல்லது ஐ.டி.ஆர்.-3. தகவல் தொழில்நுட்பம் அறிவிக்கப்பட்ட தொழில்களின் பட்டியலில் இருப்பதால் பிரிவு 44ஏ.டி.ஏ.-வின் கீழ் ஊக அடிப்படையில் வருமானத்தைக் காட்டலாம். கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியதில்லை. மொத்த வரவில் குறைந்தது பாதியை வருமானமாகக் காட்ட வேண்டும்.

மாணவர்களின் கணக்குகளில் நான் அடிக்கடி காணும் பிழை ஒன்று உண்டு. வங்கியில் விழுந்த தொகையைக் கூட்டி 2,83,500 என்று எழுதிவிடுகிறார்கள். பிடிக்கப்பட்ட வரியும் உங்கள் வருமானம்தான். மொத்த வரவு 3,15,000 என்றே வர வேண்டும். வங்கித் தொகையை எழுதி முழுப் பிடித்தத்தையும் திருப்பிக் கேட்டால் 26ஏ.எஸ். அறிக்கையோடு எண்கள் ஒட்டாது.

நல்லேப்பிள்ளி வாசகி — 2025 ஆகஸ்ட் 11

கணக்கர் ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் அவ்வளவு எளிதாகக் கடந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். நான் கோவையில் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் பணிபுரிகிறேன். மாணவர்களையும் புதிதாகச் சேர்பவர்களையும் 'ஆலோசகர்' என்று தாளில் எழுதி, காலை ஒன்பதரைக்கு விரல்ரேகை வைக்கச் சொல்லி, விடுப்புக்கு மேலாளரின் ஒப்புதல் கேட்கச் சொல்லி, நிறுவனத்தின் கணினியிலேயே வேலை வாங்கி, மாதக் கடைசியில் பத்து விழுக்காடு பிடித்துக் கொடுக்கும் இடங்களை நான் அறிவேன். வருங்கால வைப்புநிதியும் ஈ.எஸ்.ஐ.-யும் செலுத்த வேண்டியதில்லை, பொறுப்புகள் குறைவு என்பதே அதன் காரணம்.

அப்படிப்பட்ட உறவு சாரத்தில் முதலாளி-தொழிலாளி உறவுதான். யார் வேலையைக் கட்டுப்படுத்துகிறார்கள், எப்போது எங்கே எப்படிச் செய்வது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அது சம்பளமா தொழில் வரவா என்று தீர்மானிக்க வேண்டும். தாளின் தலைப்பையோ பிடித்தம் செய்த பிரிவையோ மட்டும் பார்த்து அல்ல. சம்பளம் என்றால் 44ஏ.டி.ஏ. பிரிவின் பாதிக் கழிவு கிடையாது. சம்பளம் பெறும் எல்லோருக்கும் பொதுவான நிலைக்கழிவு 75,000 ரூபாய் மட்டும் உண்டு.

எனவே வேலந்தாவளத்துத் தம்பி முதலில் தம் வேலை எப்படி நடந்தது என்று சொல்லட்டும்.

வேலந்தாவளத்தான் — 2025 ஆகஸ்ட் 11

அக்கா, நியாயமான கேள்வி. வருகைப் பதிவு கிடையாது. என்னுடைய மடிக்கணினியில்தான் வேலை செய்தேன். மாதத்தில் ஓரிரு முறை மட்டும் அலுவலகம் சென்றேன். ஒரு பகுதி முடித்துக்கொடுக்க வேண்டிய நாளைச் சொல்வார்கள், அதை நான் கல்லூரி முடிந்த மாலையில் செய்தேனா இரவில் செய்தேனா என்று கேட்டதில்லை. தேர்வு மாதத்திலும் முன்கூட்டியே முடித்துக் கொடுத்ததால் பணம் குறையவில்லை. வேறு இடத்திற்கு வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனையும் இல்லை.

நல்லேப்பிள்ளி வாசகி — 2025 ஆகஸ்ட் 11

அப்படியென்றால் உங்கள் வரவு தொழில் வரவுதான், ஐயமில்லை. ஒப்பந்தத்தையும், வேலை ஒப்படைத்த மின்னஞ்சல்களையும் பத்திரப்படுத்தி வையுங்கள். ஆனால் உங்கள் நண்பர் சம்பளமாகக் காட்டினார் என்றீர்களே, அவர் நிலை வேறாக இருந்திருக்கலாம். அவர் செய்தது தவறு என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

சித்தூர்க் கணக்கர் — 2025 ஆகஸ்ட் 12

வாசகி அம்மா எழுப்பிய வேறுபாடு மிகவும் தேவையானது. பிடித்தம் செய்த பிரிவு என்பது பணம் கொடுத்தவரின் கருத்து மட்டுமே. வருமானத்தின் தலைப்பை அது இறுதியாக முடிவு செய்துவிடுவதில்லை. ஆனாலும் உண்மையில் சம்பளமாக இருக்கும் ஒன்றை நிறுவனம் 194ஜெ என்று காட்டியிருந்தால், மாணவர் அதைச் சம்பளமாகக் காட்டும்போது கணினி முறையில் பொருத்தமின்மை தோன்றும், விளக்கம் கேட்பார்கள். அந்த மாணவர் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, அவர்களின் காலாண்டு அறிக்கையைத் திருத்தச் சொல்வதே முறை. மறுத்தால் அந்த மடலே அவருக்குச் சான்று.

இன்னொரு செய்தியை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். வேலந்தாவளத்துத் தம்பியின் எண்களை வைத்துப் பாருங்கள். சம்பளமாகக் காட்டினால் 3,15,000-இல் 75,000 கழிய 2,40,000, வரி சுழியம். 44ஏ.டி.ஏ. பிரிவில் பாதியைக் காட்டினால் 1,57,500, வரி சுழியம். முழுத் தொகையையும் வருமானமாகக் காட்டினாலும் 15,000 ரூபாய்க்கு ஐந்து விழுக்காடாக 750 ரூபாய் வந்து, தள்ளுபடியில் அதுவும் கழிந்துவிடும். எந்த வழியில் போனாலும் 31,500 ரூபாய் முழுமையாகத் திரும்பும். ஆகவே கூடுதல் லாபத்திற்காக எதையும் வளைக்க வேண்டிய தேவை இம்மாணவருக்கு அறவே இல்லை. உண்மை எதுவோ அதையே காட்டலாம், ஒரு ரூபாயும் நட்டமில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 44ஏ.டி.ஏ. பிரிவு 'பாதியைக் காட்டு' என்று மட்டும் சொல்லவில்லை. பாதி, அல்லது அதைவிட அதிகமாக ஈட்டியதாகக் கூறும் தொகை என்று சொல்கிறது. இணைய இணைப்பு, கோவைக்குப் பேருந்து, மடிக்கணினியின் தேய்மானம் எல்லாம் சேர்த்தாலும் மாணவர் ஒருவருக்கு ஆண்டுச் செலவு நாற்பதாயிரம் ஐம்பதாயிரத்தைத் தாண்டுவது அரிது. அப்போது 2,65,000 அல்லது 2,70,000 ஈட்டியிருக்கிறார் என்பதே உண்மை. அதையே ஐ.டி.ஆர்.-4 படிவத்தில் எழுதலாம்.

மீனாட்சிபுரம் எஸ் — 2025 ஆகஸ்ட் 12

கணக்கர் ஐயாவை மதிக்கிறேன். இந்த இடத்தில் மாறுபடுகிறேன். ஊக அடிப்படை என்று சட்டம் வகுத்ததே சிறிய வரவுள்ளவர்கள் ஒவ்வொரு பேருந்துச் சீட்டையும் சேர்த்து வைத்துத் திணறக் கூடாது என்பதற்காகத்தான். பாதியைக் காட்ட உரிமை கொடுத்துவிட்டு, உன் மனச்சாட்சிப்படி மேலும் காட்டு என்று மாணவர்களிடம் சொன்னால் அவர்கள் அஞ்சி ஒதுங்குவார்கள். நானும் ஆடிட்டர்களிடம் கேட்டிருக்கிறேன், பாதியைக் காட்டினால் போதும் என்றே சொல்கிறார்கள். அதில் சட்டப்படி குற்றம் எதுவும் இல்லை.

சித்தூர்க் கணக்கர் — 2025 ஆகஸ்ட் 13

பாதியைக் காட்டுபவரைக் குற்றம் சொல்லவில்லை, ஐயா. நடைமுறையில் அப்படித்தான் நடக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் இருபத்திரண்டு வயதில் முதல் முறையாகக் கணக்குத் தாக்கல் செய்யும் ஒருவரிடம், இரண்டு எண்களுக்கும் வரி ஒன்றேயாக இருக்கும்போது, உண்மைக்கு நெருக்கமான எண்ணை எழுதச் சொல்வதே என் கடமை என்று கருதுகிறேன். நாளை கல்விக் கடனுக்கோ வெளிநாட்டு விசாவிற்கோ இந்தக் கணக்கையே வருமானச் சான்றாகக் காட்டப் போகிறார். அப்போது 1,57,500 என்று இருப்பதைவிட 2,70,000 என்று இருப்பது அவருக்கே நன்மை. பாதிக்கும் குறைவாகக் காட்டினால்தான் சிக்கல்: மொத்த வருமானமும் வரம்பைத் தாண்டியிருந்தால் புத்தகமும் தணிக்கையும் தேவைப்படும்.

மீனாட்சிபுரம் எஸ் — 2025 ஆகஸ்ட் 13

கடன், விசா குறித்துச் சொன்னது ஏற்கத்தக்கது. மற்றதில் என் கருத்து மாறவில்லை. அவரவர் முடிவு செய்யட்டும்.

கொழிஞ்சாம்பாறை முதுகலை — 2025 ஆகஸ்ட் 14

என்னுடைய நிலை வேறு. தமிழ் முதுகலை படிக்கிறேன். மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்ததற்குச் சென்னையில் உள்ள ஒரு பதிப்பகம் 60,000 ரூபாய் தந்து, அதில் 6,000 ரூபாய் பிடித்திருக்கிறது. வீட்டில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குத் தனிப்பயிற்சி எடுத்ததில் ஆண்டு முழுவதும் 48,000 ரூபாய், எல்லாம் ரொக்கம். நானும் 44ஏ.டி.ஏ. பிரிவில் காட்டலாமா? ரொக்கமாக வந்ததைச் சொல்ல வேண்டுமா?

சித்தூர்க் கணக்கர் — 2025 ஆகஸ்ட் 14

அம்மா, 44ஏ.டி.ஏ. எல்லாத் தொழிலுக்கும் உரியதன்று. சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக் கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம் ஆகியவையும், பின்னர் அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்பம், நிறுவனச் செயலர் பணி, திரைக்கலைஞர் பணி போன்ற சிலவும்தான் அதில் அடங்கும். மொழிபெயர்ப்பும் தனிப்பயிற்சியும் அந்தப் பட்டியலில் இல்லை. பிடித்தம் 194ஜெ பிரிவில் நடந்தது என்பதால் மட்டும் 44ஏ.டி.ஏ. கிடைத்துவிடாது, இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிப் பலர் படிவத்தை நிரப்பிவிடுகிறார்கள்.

உங்களுக்கு நேரான வழி ஐ.டி.ஆர்.-3. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். கணக்குப் புத்தகம் பராமரிக்காதவர்களுக்கென அதில் ஒரு சிறு பகுதி உண்டு: மொத்த வரவு, செலவு, நிகர லாபம் ஆகியவற்றை எழுதினால் போதும். பட்டியலில் இல்லாத தொழில் செய்யும் தனிநபருக்கு வருமானம் இரண்டரை லட்சத்தையும் வரவு 25 லட்சத்தையும் தாண்டாதவரை புத்தகம் வைக்கும் கடமையே இல்லை. தனிப்பயிற்சியை, சிறு வணிகர்களுக்கான ஊக அடிப்படைப் பிரிவான 44ஏ.டி.-யில் வணிகமாகக் காட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு, அது வணிகமன்று தொழில் என்று மறுப்பவர்களும் உண்டு. அந்த வாதத்திற்குள் நீங்கள் போக வேண்டிய தேவையே இல்லை.

ரொக்கத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். 26ஏ.எஸ். அறிக்கையில் தோன்றுவது மட்டுமே வருமானம் என்று நினைக்கக் கூடாது. மொத்தம் 1,08,000 ரூபாய், செலவு போக இன்னும் குறையும், வரி இல்லை. பிடித்தம் 25,000-க்குக் கீழே இருப்பதால் தாக்கல் செய்வது உங்களுக்குக் கட்டாயமும் இல்லை. ஆனால் 6,000 ரூபாய் வேண்டுமென்றால் செய்தாக வேண்டும். உங்கள் உழைப்பின் பணம் அது, விட்டுவிடாதீர்கள்.

எருத்தேன்பதி தோப்பு — 2025 ஆகஸ்ட் 15

வணக்கம். என் மகனுக்கு வயது இருபது. பாலக்காட்டில் படித்துக்கொண்டே ஒரு நிறுவனத்திற்கு இணையதளங்கள் வடிவமைத்துத் தருகிறான், பத்து விழுக்காடு பிடிக்கிறார்கள். அவன் தாத்தா இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பை அவன் பெயரில் எழுதிவைத்தார்; தேங்காய் விற்றுச் செலவு போக ஆண்டுக்கு நாற்பதாயிரம் அளவில் நிற்கும். விவசாய வருமானத்திற்கு வரி இல்லை என்பதால் அதைக் காட்ட வேண்டியதில்லை என்று இருந்துவிட்டோம். ஐ.டி.ஆர்.-4 தாக்கல் செய்யலாமா?

சித்தூர்க் கணக்கர் — 2025 ஆகஸ்ட் 15

இந்தப் பகுதியில் எல்லோரும் கவனிக்க வேண்டிய கேள்வி இது. நம் வட்டாரத்தில் தோப்பு இல்லாத வீடு குறைவு. விவசாய வருமானத்திற்கு வரி இல்லை என்பது சரி. ஆனால் அது ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐ.டி.ஆர்.-1, ஐ.டி.ஆர்.-4 இரண்டையும் பயன்படுத்த முடியாது. மகன் ஐ.டி.ஆர்.-3 தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் படிவத்திற்குள்ளேயே 44ஏ.டி.ஏ. பிரிவைத் தேர்ந்தெடுக்க இடமுண்டு, ஆகவே சலுகை எதுவும் போய்விடாது. தேங்காய் வருமானத்தை விலக்கு பெற்ற வருமானப் பகுதியில் எழுத வேண்டும். அவருடைய மற்ற வருமானம் 3 லட்சத்தைத் தாண்டினால் மட்டும், வரி விகிதத்தைக் கணக்கிட விவசாய வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தோப்பு தாத்தா பெயரிலேயே இருந்திருந்தால் மகனின் கணக்கில் இந்தப் பேச்சே இல்லை.

நல்லேப்பிள்ளி வாசகி — 2025 ஆகஸ்ட் 15

பதினெட்டு நிறையாத பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கிறேன். சிறுவர்களின் வருமானத்தைப் பெற்றோர் வருமானத்தோடு சேர்ப்பது பொது விதி. ஆனால் தன் திறமையாலோ உடலுழைப்பாலோ ஈட்டியது அந்தப் பிள்ளையின் தனி வருமானமே. படம் வரைந்து கொடுத்தோ நிரல் எழுதியோ பிளஸ் டூ படிக்கும் பிள்ளை சம்பாதித்தால், பெற்றோர் பிரதிநிதியாகப் பதிவு செய்துகொண்டு பிள்ளையின் பான் எண்ணிலேயே தாக்கல் செய்து பிடித்தத்தைத் திரும்பப் பெறலாம். அப்பாவின் கணக்கில் பணத்தை வாங்கிக்கொள்ளும் வழக்கம் இதையெல்லாம் குழப்பிவிடும்.

வாளையார் வழி — 2025 ஆகஸ்ட் 16

பான் எண்ணோடு ஆதார் இணைக்கப்படாததால் பத்துக்குப் பதில் இருபது விழுக்காடு பிடிக்கப்பட்ட மாணவர் ஒருவரை அறிவேன். வேலை ஒப்புக்கொள்ளும் முன்பே இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2022-23 நிதியாண்டின் பிடித்தத்தைக் கேட்காமல் விட்டவர்களுக்கு இனி வழி உண்டா?

சித்தூர்க் கணக்கர் — 2025 ஆகஸ்ட் 16

புதுப்பித்த கணக்கு, அதாவது ஐ.டி.ஆர்.-யு, ரீஃபண்ட் கேட்பதற்குப் பயன்படாது. பிரிவு 119(2)(பி)-இன் கீழ் தாமதத்தைப் பொறுத்தருளுமாறு விண்ணப்பிக்கலாம். 2024 அக்டோபரில் வந்த சுற்றறிக்கைப்படி மதிப்பீட்டு ஆண்டு, அதாவது நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்; 2022-23 நிதியாண்டுக்கு 2029 மார்ச் 31 வரை அவகாசம் இருக்கிறது. தாமதத்திற்கு உண்மையான காரணம் காட்ட வேண்டும். சிறிய தொகைக்கு அலைச்சல்தான், ஆனாலும் வழி மூடப்படவில்லை.

வேலந்தாவளத்தான் — 2025 ஆகஸ்ட் 18

அனைவருக்கும் நன்றி. ஐ.டி.ஆர்.-4 நிரப்பத் தொடங்கிவிட்டேன். மென்பொருள் உருவாக்கம் என்ற தொழில் குறியீட்டைத் தேர்ந்தெடுத்து, மொத்த வரவு 3,15,000 முழுவதையும் வங்கி வழி வந்ததாகக் குறித்து, வருமானம் 2,70,000 என்று எழுதினேன். எனக்குக் கணக்கர் ஐயா சொன்னதே மனத்திற்குச் சரியாகப் பட்டது. இப்போது வேறொரு தடை. ரீஃபண்டுக்கான வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும்போது 'பெயர் பொருந்தவில்லை' என்று வருகிறது. பான் அட்டையில் அப்பாவின் முழுப் பெயர் என் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. பாலக்காட்டில் எடுத்த ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால். வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்து முன்னால், அதோடு பெயரில் ஓர் எழுத்தும் மலையாள உச்சரிப்பை ஒட்டி மாறியிருக்கிறது.

நல்லேப்பிள்ளி வாசகி — 2025 ஆகஸ்ட் 18

எல்லைப் பகுதித் தமிழ் மாணவர்களில் பலருக்கும் வரும் தொல்லை இது. பான் அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்கே சென்று, பான் அட்டையில் உள்ளபடி பெயரை மாற்றித் தருமாறு எழுதிக் கொடுங்கள். மூன்றில் எளிதில் மாறுவது வங்கிப் பெயர்தான். அதன்பின் தளத்தில் மீண்டும் சரிபார்ப்புக்குக் கொடுங்கள். கணக்கைத் தாக்கல் செய்ய அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்கு இல்லாமல் பணம் வராது.

சித்தூர்க் கணக்கர் — 2025 ஆகஸ்ட் 18

தாக்கல் செய்த 30 நாள்களுக்குள் ஆதார் ஒருமுறைக் குறியீட்டின் வழியே மின்சரிபார்ப்பு செய்ய மறக்காதீர்கள். அதைச் செய்யாத கணக்கு, தாக்கல் செய்யாத கணக்கிற்குச் சமம்.

'முழு ரீஃபண்டும் வாங்கித் தருகிறோம், வருவதில் ஒரு பங்கு கொடுங்கள்' என்று கல்லூரி வாசலில் வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பொய்யான காப்பீடும் நன்கொடையும் எழுதிவிடுகிறார்கள். இப்படிப் போலிக் கழிவு எழுதித் தருபவர்களின் இடங்களில் துறையினர் சென்ற மாதம் நாடு முழுவதும் சோதனை நடத்தினார்கள். தவறான தகவலால் வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் ஏய்த்த வரியில் இருநூறு விழுக்காடு தண்டம் உண்டு. அது கணக்குக்கு உரிய மாணவர் தலையில்தான் விழும், நிரப்பிக் கொடுத்தவர் தலையில் அல்ல.

வேலந்தாவளத்தான் — 2025 ஆகஸ்ட் 26

வங்கியில் பெயரை மாற்றித் தந்துவிட்டார்கள். சரிபார்ப்பு முடிந்தது. கணக்கைத் தாக்கல் செய்து மின்சரிபார்ப்பும் செய்துவிட்டேன். ரீஃபண்ட் 31,500 என்று காட்டுகிறது. கடைசியாக ஒரு கேள்வி. அதே நிறுவனத்திற்குப் பகுதி நேரமாகத் தொடர்ந்து வேலை செய்கிறேன். எனக்கு வரி வராது என்று உறுதிகூறும் 15ஜி படிவம் கொடுத்தால் இவ்வாண்டு பிடித்தமே இருக்காது என்று ஒருவர் சொன்னார். கொடுக்கலாமா?

சித்தூர்க் கணக்கர் — 2025 ஆகஸ்ட் 27

மகிழ்ச்சி. 15ஜி படிவம் வைப்புநிதி வட்டி போன்ற சிலவற்றிற்கு உரியது. 194ஜெ பிடித்தத்திற்கு அது செல்லாது. 2025 ஏப்ரல் முதல் அந்தப் பிரிவின் வரம்பு 30,000-இலிருந்து 50,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது, ஆகவே ஒரு நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 50,000 வரை மட்டும் பெறுபவர்களுக்குப் பிடித்தம் இராது. உங்களுக்கு அதைத் தாண்டும். பிரிவு 197-இன் கீழ்ப் படிவம் 13 வழியாகக் குறைந்த பிடித்தத்திற்கான சான்றிதழ் கேட்டு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இப்போது தாக்கல் செய்த கணக்கு அதற்கு ஆதாரமாக உதவும். சான்றிதழ் கிடைத்த நாளிலிருந்துதான் நிறுவனம் அதன்படி நடக்க முடியும், முன்பே பிடித்தது அடுத்த கணக்கில்தான் திரும்பும். எனவே விண்ணப்பிப்பதாக இருந்தால் இந்த மாதமே செய்யுங்கள்.